பட்டி பார்த்த சுவரும் லேசர் ஆடியும்: ஒளிப் பூச்சுகளின் சேதத்தை நுண்ணோக்கியில் காண்பது எப்படி?

பெயின்டர்கள் சுவருக்குப் பட்டி பார்த்து முடித்ததும் ஒரு வேலை செய்வார்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு பல்பைச் சுவரை ஒட்டிச் சாய்வாகப் பிடிப்பார்கள். பகல் வெளிச்சத்தில் வழவழவென்று இருந்த சுவர், அப்போது மேடும் பள்ளமுமாகத் தெரியும். எங்கே மறுபடி உப்புத்தாள் போட வேண்டும் என்பது உடனே புரிந்துவிடும்.

லேசர் ஆடிகளையும் லென்ஸ்களையும் நுண்ணோக்கியில் சோதிப்பவர்கள் செய்வதும் அடிப்படையில் இதுதான். நுண்ணோக்கி என்றதும் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். இந்தத் துறையில் அதைவிட முக்கியமான கேள்வி, வெளிச்சத்தை எப்படிப் பாய்ச்சுகிறோம் என்பது. அதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எல்லாம் தானாகப் பின்னால் வரும்.

தொடங்கும் முன் சொல் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடுகிறேன். தமிழில் ஜன்னலில் இருப்பதும் கண்ணாடி, முகம் பார்ப்பதும் கண்ணாடி, மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி. இந்தக் கட்டுரையில் ஒளியைத் திருப்பி அனுப்புவதை ஆடி என்றும், மூக்கில் மாட்டுவதை மூக்குக்கண்ணாடி என்றும் எழுதுகிறேன்.

பூச்சு என்றால் என்ன?

மூக்குக்கண்ணாடி வாங்கப் போனால் ‘ஏஆர் கோட்டிங்’ (ஒளி திரும்புவதைக் குறைக்கும் பூச்சு) வேண்டுமா என்று கேட்பார்கள். அது போட்ட லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் இளம்பச்சையோ ஊதாவோ ஒரு சாயல் மின்னும். அதுதான் ஒளிப் பூச்சு. பூச்சு இல்லாத சாதாரணக் கண்ணாடி, தன்மேல் விழும் ஒளியில் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு கேமராவுக்குள் பத்துப் பன்னிரண்டு பரப்புகள் இருந்தால் இழப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதற்குத் தீர்வாக, பரப்பின்மேல் மிக மெல்லிய ஒரு படலத்தை ஏற்றுகிறார்கள். ஒளி படலத்தின் மேற்பரப்பிலும் கொஞ்சம் திரும்பும், அடிப்பரப்பிலும் கொஞ்சம் திரும்பும். தடிமன் சரியாக, படலத்துக்குள் ஒளிக்கு இருக்கும் அலைநீளத்தில் கால் பங்காக இருந்தால், திரும்பும் இரண்டு அலைகளில் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கி, ஒன்றையொன்று அழித்துவிடும். ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935இல் லென்ஸ்களுக்கு இந்த வழியைக் கொண்டுவந்தார். அதற்குப் பெரிதும் பயன்பட்ட மெக்னீசியம் ஃப்ளோரைடு படலம் பச்சை ஒளிக்குச் சுமார் 100 நானோமீட்டர் தடிமன் இருந்தால் போதும். அப்படிப்பட்ட 700 படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் ஒரு தலைமுடியின் தடிமன் வரும்.

இதே கணக்கை மாற்றிப் போட்டால் ஆடி கிடைக்கும். இரண்டு வகைப் பொருள்களை மாற்றி மாற்றி அடுக்கி, திரும்பும் அலைகள் எல்லாம் ஒன்று சேரும்படி செய்தால், விழும் ஒளியில் 99.9 சதவீதத்துக்கும் மேல் திரும்பிவிடும். வலிமையான லேசர்களுக்குப் பெரும்பாலும் ஹாஃப்னியம் ஆக்சைடும் சிலிக்காவும் மாறி மாறி வரும் அடுக்குகள். அலுமினியமோ வெள்ளியோ பூசிய ஆடி ஒளியில் கொஞ்சத்தை விழுங்கிச் சூடாகும். வலிய லேசர் துடிப்பு (ஒரு கணமே பாயும் ஒளி) ஒன்று பட்டாலே கருகிவிடும்.

காயம் எங்கிருந்து வருகிறது?

பூச்சு கெடுவதற்குப் பல வழிகள் உண்டு. மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தால், துணியில் ஒட்டியிருக்கும் மணல் துகள் கீறிவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டுப் போனால், பிளாஸ்டிக் லென்ஸ் சூட்டில் விரியும். மேலே இருக்கும் கனிமப் பூச்சு அந்த அளவுக்கு விரியாது. இழுபட்ட பூச்சில் சிலந்தி வலைபோல விரிசல்கள் ஓடும். ஈரக்காற்றில் அலமாரியில் கிடக்கும் கேமரா லென்ஸில் பூஞ்சை படர்ந்து பூச்சை அரிக்கும். பிடிமானம் சரியில்லாத இடத்தில் பூச்சு செதில் செதிலாக உரியும்.

லேசர் ஆடிகளில் வரும் காயம் வேறு ரகம். அதைப் புரிந்துகொள்ள, பாய்க்கு அடியில் சிக்கிய புளியங்கொட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பாய்மேல் ஜமுக்காளம் விரித்தாலும், அதன்மேல் போர்வை விரித்தாலும் கொட்டை இருக்கும் இடம் மேடாகவே நிற்கும். மேலே போகப் போக மேடு அகலமாகும், ஆனால் மறையாது. பூச்சு ஏற்றும்போது நடப்பதும் இதேதான். வெற்றிட அறைக்குள் எலெக்ட்ரான் கற்றையால் மூலப்பொருளைச் சூடாக்கி ஆவியாக்கி, அந்த ஆவியை ஆடியின்மேல் படிய விடுகிறார்கள். தாளிக்கும்போது கடுகு வெடித்துத் தெறிப்பதுபோல, மூலப்பொருளிலிருந்து சில சமயம் ஒரு துணுக்கு தெறித்து ஆடியில் விழும். அளவு ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கலாம், அதற்கும் குறைவாக இருக்கலாம். அடுத்தடுத்த அடுக்குகள் அதன்மேல் வளைந்து படிந்து, உச்சியில் ஒரு குமிழ் மேடு உருவாகும். அடியில் கிடக்கும் துணுக்கை இந்தத் துறையில் ‘விதை’ என்றே சொல்கிறார்கள்.

அந்தக் குமிழ் ஒரு குட்டி லென்ஸாக வேலை செய்யும். லேசர் பட்டதும் ஒளியைக் குமிழுக்குள் ஒரே இடத்தில் குவித்துவிடும். சுற்றிலும் பூச்சு தாங்கிக்கொள்ளும் அதே வலிமையில் அந்த ஒரு புள்ளி மட்டும் கொதித்து, பிளாஸ்மா எனும் மின்னேற்ற வாயுவாகி வெடிக்கும். குமிழ் பெயர்ந்துபோய், வட்டமான ஒரு குழி மிஞ்சும். கண் இமைக்கும் முன் எல்லாம் முடிந்துவிடும்.

ஒரு குழிதானே என்று விட்டுவிட முடியாது. சில குழிகள் அடுத்தடுத்த துடிப்புகளில் விளிம்பு உடைந்து பெரிதாகும். அதோடு, குழி பட்ட ஆடியிலிருந்து புறப்படும் கற்றை சீராக இருக்காது. அதில் அங்கங்கே ஒளி அடர்த்தி கூடிய இடங்கள் உருவாகி, வழியில் அடுத்து வரும் ஆடியையும் லென்ஸையும் தாக்கும்.

நேரே பார்த்தால் தெரியாது

இப்போது நுண்ணோக்கிக்கு வருவோம். பள்ளியில் பார்த்த நுண்ணோக்கியில் வெளிச்சம் கீழிருந்து பொருளை ஊடுருவி வரும். ஆடி ஒளியை ஊடுருவ விடாதே, அதனால் இங்கே வெளிச்சத்தை மேலிருந்தே, லென்ஸ் வழியாகவே கீழே அனுப்பி, திரும்பி வருவதைப் பார்க்கிறோம். இது ஒளிப்புல முறை. பெரிய குழி, கருகிய புள்ளி, உரிந்த செதில் ஆகியவை இதில் நன்றாகத் தெரியும்.

ஆனால் 20 நானோமீட்டர் ஆழமுள்ள ஒரு மெல்லிய கீறலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடியிலும் பூச்சுதான் இருக்கிறது, அதுவும் ஒளியைத் திருப்பத்தான் செய்கிறது. ஒளி கொஞ்சம் கூடுதல் தூரம் போய் வருகிறது, அவ்வளவுதான். நம் கண் வெளிச்சத்தின் அளவையும் நிறத்தையும் மட்டுமே அறியும்; அலை கொஞ்சம் பிந்தி வருவதை அறியாது. எனவே கீறல் இருந்தும் கண்ணில் படாது. பெருக்கத்தை 100 மடங்கிலிருந்து 1,000 மடங்குக்கு ஏற்றினாலும் வெறுமைதான் பெரிதாகத் தெரியும்.

முதல் தீர்வு இருட்புல முறை. ஓட்டு வீட்டில் கூரை இடுக்கு வழியாக இறங்கும் வெயில் கற்றையில் தூசு மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். முற்றத்து வெயிலிலும் அதே தூசு உண்டு, ஆனால் தெரிவதில்லை. பின்னணி இருட்டாக இருப்பதால்தான் துகள் சிதறடிக்கும் சொற்ப ஒளியும் நம் கண்ணுக்கு எட்டுகிறது. இருட்புல நுண்ணோக்கியில் வெளிச்சம் லென்ஸைச் சுற்றி ஒரு வளையமாகக் கிளம்பி, பரப்பின்மேல் சாய்வாக விழும். வழவழப்பான இடத்தில் பட்டது மறுபக்கம் போய்விடும், லென்ஸுக்குள் வராது. கீறல், குழி, துகள் ஆகியவற்றில் பட்டுச் சிதறியது மட்டும் லென்ஸுக்குள் வரும். கறுத்த வானத்தில் நட்சத்திரம் தெரிவதுபோல ஒவ்வொரு குறையும் தனியாக ஒளிரும்.

நட்சத்திரம் என்பது சரியான உவமைதான். நட்சத்திரத்தின் வடிவம் தெரியாது, அது இருப்பது தெரியும். 10 மடங்கு லென்ஸால் ஒரு மைக்ரானுக்குக் குறைந்த நுணுக்கத்தைப் பிரித்துக் காட்ட முடியாது. இருந்தாலும் இருட்புலத்தில் அதைவிடச் சிறிய குழியும் ஒரு புள்ளியாக மின்னும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சை மூக்குக்கண்ணாடிக்குப் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள்; டார்ச் வெளிச்சம் நேராகக் கண்ணில் படக் கூடாது. பின்னால் கறுப்புத் துணி இருந்தால் நல்லது. பகலில் சுத்தமாகத் தெரிந்த லென்ஸில் எத்தனை கோடுகள் என்று எண்ணிப் பாருங்கள்.

இருட்புலத்தின் குறை என்னவென்றால், அதில் எல்லாமே மின்னும். தூசும் மின்னும், குழியும் மின்னும், துடைத்த திரவம் காய்ந்த கறையும் மின்னும். எது காயம், எது அழுக்கு என்று அது சொல்லாது.

நுகத்தடி சாயும் கணக்கு

அதைச் சொல்ல வந்ததுதான் நொமார்ஸ்கி முறை. போலந்தில் பிறந்து பிரான்சில் பணியாற்றிய இயற்பியலாளர் ஜார்ஜ் நொமார்ஸ்கி 1950களில் உருவாக்கியது. அலை பிந்துவதை வெளிச்ச வேறுபாடாக மாற்ற முடியும் என்று அவருக்கு முன்பே டச்சு இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஸெர்னிகே காட்டியிருந்தார். 1953இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நொமார்ஸ்கி அதே நோக்கத்தை வேறொரு வழியில் எட்டினார். பூச்சுகளைச் சோதிப்பவர்களுக்கு அவர் வழி மிகவும் கைகொடுத்தது.

ஒரே நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாடுகள் வயலில் போவதாக வைத்துக்கொள்வோம். தரை சமமாக இருக்கும்வரை நுகத்தடி கிடையாக இருக்கும். ஒரு மாட்டின் கால் பள்ளத்தில் இறங்கினால் நுகத்தடி சாயும். தூரத்தில் நின்று நுகத்தடியை மட்டும் பார்த்தாலே தரை எங்கே சரிகிறது என்று சொல்லிவிடலாம்.

நொமார்ஸ்கி நுண்ணோக்கியில் அந்த இரண்டு மாடுகள் இரண்டு ஒளிக் கதிர்கள். முதலில் ஒரு முனைவாக்கி வடிகட்டி, ஒளி அலைகளை ஒரே தளத்தில் அதிர வைக்கும். அடுத்து ஒரு விசேஷ முப்பட்டகம் அந்த ஒளியை, ஒன்றுக்கொன்று செங்குத்தாக அதிரும் இரண்டு கதிர்களாகப் பிரிக்கும். இரண்டும் பரப்பில் விழும் இடங்களுக்கு நடுவே ஒரு மைக்ரான்கூட இடைவெளி இருக்காது. பரப்பில் பட்டுத் திரும்பும் இரண்டையும் அதே முப்பட்டகம் மறுபடி சேர்த்துவிடும். இரண்டும் ஒரே மட்டத்தில் பட்டிருந்தால் படம் முழுக்கச் சீரான சாம்பல் நிறம். ஒன்று மேட்டிலும் ஒன்று பள்ளத்திலும் பட்டிருந்தால், பயணித்த தூரம் வேறுபட்டு, கடைசியில் இருக்கும் இரண்டாவது வடிகட்டியைத் தாண்டும்போது அந்த இடம் வெளிறியோ கறுத்தோ தெரியும். சில நானோமீட்டர் மேடுபள்ளம் இருந்தாலே போதும், படம் காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் தடவை இந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் அசந்துபோவார்கள். ஒளிப்புலத்தில் வெறுமையாக இருந்த ஆடி, மாலை வெயிலில் மணல்வெளியை மேலிருந்து பார்ப்பதுபோல உயிர்பெற்று நிற்கும். குமிழ்கள் கொப்புளம் கொப்புளமாகத் தெரியும். வெடித்த குழியின் விளிம்பு தெரியும். லேசர் சூட்டில் மேல் அடுக்கு லேசாகக் கருகி நிறம் மாறிய திட்டும் தெரியும்.

இந்த அழகில் மயங்கி இரண்டு தவறுகள் செய்வது வழக்கம். நுகத்தடி சாய்வைத்தான் சொல்கிறது, உயரத்தைச் சொல்வதில்லை. முப்பட்டகத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் நிழல் பக்கம் மாறி, மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தோன்றும். எனவே படத்தை மட்டும் பார்த்து இது குழி, இது குமிழ் என்று அடித்துச் சொல்லக் கூடாது. ஆழம் தெரிந்த ஒரு கீறலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும், அல்லது நுண்முனையால் பரப்பைத் தடவி அளக்கும் அணுவிசை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். இன்னொன்று, நுகத்தடி நீளும் திசையிலேயே ஒரு வாய்க்கால் ஓடினால் இரண்டு மாடுகளும் ஒன்றாக அதில் இறங்கும், நுகத்தடி சாயாது. அந்தத் திசையில் ஓடும் கீறல் படத்தில் மறைந்துவிடும். ஆடியை 90 பாகை திருப்பி இன்னொரு முறை பார்த்தால்தான் சோதனை முழுமையாகும்.

முன்பும் பின்பும்

நல்ல நுண்ணோக்கி இருந்தும் தப்பான முடிவுக்கு வருவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: லேசர் படுவதற்கு முன் அந்த இடம் எப்படி இருந்தது என்று பார்க்காமல் விடுவது. பின்னால் ஒரு புள்ளி தெரிந்தால் அது லேசர் செய்ததா, பூச்சு போடும்போதே வந்ததா, நேற்று விழுந்த தூசா என்று எப்படிச் சொல்வது? ஆகவே முதலில் ஆடியின் ஓரத்தில் அடையாளக் குறிகள் இட்டு, ஒவ்வொரு இடத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். சோதனைக்குப் பின் அதே இடத்தை, அதே வெளிச்சத்தில், அதே பெருக்கத்தில் எடுக்க வேண்டும். சந்தேகப் புள்ளியின்மேல் உலர்ந்த சுத்தமான காற்றை ஊதி மறுபடி பார்க்க வேண்டும்; நகர்ந்துவிட்டால் தூசு. நகராவிட்டால், லென்ஸ் தாளில் கரைப்பான் நனைத்து, அழுத்தாமல் ஒரே திசையில் மெதுவாக இழுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் அப்படியே இருந்தால் அதைக் காயம் என்று குறித்துக்கொள்ளலாம்.

ஒரு பூச்சு எவ்வளவு லேசர் வலிமையைத் தாங்கும் என்று அளப்பதற்கு ஐஎஸ்ஓ 21254 என்ற சர்வதேசத் தரமுறை இருக்கிறது. லேசரால் நிலையாக ஏற்பட்ட, கண்டறியக்கூடிய மாற்றம் எதுவானாலும் சேதம்தான் என்று அது எடுத்துக்கொள்கிறது. அந்த மாற்றத்தைத் தேட அது சொல்லும் கருவி நொமார்ஸ்கி நுண்ணோக்கி, பெருக்கம் 100 முதல் 150 மடங்கு. இது குறைவாகத் தோன்றலாம். ஆனால் எல்லா ஆய்வகமும் ஒரே கண்ணால் பார்த்தால்தான் ஒருவர் எண்ணை இன்னொருவர் நம்ப முடியும். ஒரு வகைச் சோதனையில், புதிய இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு துடிப்பு கொடுக்கிறார்கள். ஒரே வலிமையில் குறைந்தது பத்து இடங்கள். அவற்றில் எத்தனை காயப்பட்டன என்று நுண்ணோக்கியில் எண்ணி, வலிமையைக் கூட்டிக் கூட்டி ஒரு வரைபடம் போடுகிறார்கள். கோட்டைப் பின்னோக்கி நீட்டி, காயமே வராத புள்ளியைக் கண்டால் அதுதான் சேத வரம்பு. இந்த ஒரு பிரச்சினையைப் பேசுவதற்காகவே அமெரிக்காவின் போல்டர் நகரில் 1969இல் ஒரு கருத்தரங்கு தொடங்கியது என்றால், விஷயம் எவ்வளவு ஆழமானது என்று புரியும்.

இதன் முழு வீச்சையும் பார்க்க கலிபோர்னியாவின் லிவர்மோருக்குப் போக வேண்டும். அங்கே லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தின் நேஷனல் இக்னிஷன் ஃபெசிலிட்டியில் 192 லேசர் கற்றைகள் ஒரு சிறு எரிபொருள் உருண்டையை நோக்கிப் பாய்கின்றன. 2022 டிசம்பர் 5 அன்று 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைச் செலுத்தி, அணுக்கரு இணைவில் 3.15 மெகாஜூல் எடுத்துக் காட்டியது இந்த இடம்தான். அங்கே கற்றை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் சதுரம். அந்தப் பரப்பை 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் ஒரு பார்வையில் அடங்குவது இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டம். ஒரே ஒரு ஆடியை முழுக்கப் பார்க்க 40,000 படங்களுக்கு மேல் வேண்டும். எனவே யாரும் அப்படித் தொடங்குவதில்லை. முதலில் பக்கவாட்டு வெளிச்சமும் கேமராவும் வைத்து, இருட்புல முறையில் பரப்பு முழுவதையும் ஒரே மூச்சில் எடுத்து, மின்னும் புள்ளிகளுக்கு ஒரு வரைபடம் தயாரிப்பார்கள். பிறகு அந்தப் புள்ளிகளுக்கு மட்டும் நுண்ணோக்கியைக் கொண்டுபோவார்கள்.

வெட்டிப் பார்த்தபோது

இதுவரை சொன்னதெல்லாம் காயம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க. ஏன் வந்தது என்று தெரிய, சில சமயம் அந்தத் துண்டையே பலி கொடுக்க வேண்டியிருக்கிறது. எலெக்ட்ரான் நுண்ணோக்கி நானோமீட்டர் அளவுக்கு நுணுக்கம் காட்டும். ஆனால் ஆக்சைடுப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. எலெக்ட்ரான் பாயும்போது மின்னேற்றம் சேர்ந்து படம் கலங்கிப்போகும். அதைத் தடுக்க மேலே மெல்லிய தங்கமோ கார்பனோ பூசுவார்கள், அதற்குப் பிறகு அந்த ஆடி லேசருக்கு உதவாது. அப்புறம் அயனிக் கற்றையால் ஒரு குமிழைச் சரிபாதியாக அறுத்து, பக்கவாட்டிலிருந்து படம் எடுப்பார்கள்.

அந்தப் படத்தில் கதை முழுக்க இருக்கும். மேலே வளைந்த குமிழ், கீழே வரவரக் குறுகும் அடுக்குகள், ஆழத்தில் விதை. விதை எந்த அடுக்கின்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று எண்ணினால், பூச்சு ஏற்றும் வேலையில் எந்தக் கட்டத்தில் அது தெறித்தது என்றுகூடத் தெரிந்துவிடும். லேசர் ஆடிகளில் பிரச்சினை பெரும்பாலும் ஹாஃப்னியம் ஆக்சைடிலிருந்து வந்தது. அந்த ஆக்சைடு எலெக்ட்ரான் கற்றையில் சீராக உருகாமல், அங்கங்கே வெடித்துத் துணுக்குகளைத் தெறிக்கவிடும். 1990களில் மூலப்பொருளை மாற்றினார்கள்: ஆக்சைடுக்குப் பதில் ஹாஃப்னியம் உலோகத்தையே உருக்கும் கிண்ணத்தில் வைத்து உருக்கினார்கள். உலோகம் அமைதியாக உருகிக் குளமாக நிற்கும். வெற்றிட அறைக்குள் கொஞ்சம் ஆக்சிஜன் விட்டால், படியும்போதே ஆக்சைடாகிவிடும். தெறிப்பு வெகுவாகக் குறைந்தது, ஆடிகள் தாங்கும் வலிமையும் ஏறியது.

மிச்சமிருக்கும் குமிழ்களுக்கும் ஒரு வைத்தியம் உண்டு. முழு வலிமையில் லேசரைப் பாய்ச்சும் முன், குறைந்த வலிமையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி ஆடி முழுவதையும் ஒரு முறை வருடிவிடுவார்கள். பலவீனமான குமிழ்கள் அப்போதே மெதுவாகப் பெயர்ந்துவிடும், சுற்றுப்புறம் உடையாது. பிறகு நொமார்ஸ்கியில் பார்த்தால் விளிம்பு சிதறாத சின்ன வட்டக் குழிகள் தெரியும். அவற்றைப் படம் எடுத்து, எண் போட்டு வைப்பார்கள். பல துடிப்புகளுக்குப் பின் அதே இடத்தை மறுபடி எடுத்து, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். குழியின் விட்டம் மாறாமல் இருந்தால் அந்த ஆடி தன் இடத்திலேயே இருக்கும்.